முப்பது பழுது, 4,929 ரூபாய்

2025 மார்ச் 31 ராத்திரி கணக்கை மூடினேன். ஏப்ரல் முதல் ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் பழுது பார்த்த வரிகள் 30. ஆன செலவு 4,929 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த 340 தனி. முப்பதில் 22 தேறியது, 8 தேறவில்லை. தேறியவற்றுக்குப் போனது 3,674. தேறாததற்குப் போனது 1,255.

"தேறும், தேறாது" என்பது நான் கண்டுபிடித்த தலைப்பு இல்லை. மதுரையில் நாங்கள் மிக்ஸி கொண்டுபோகும் கடைக்கார அண்ணன் எந்தச் சாமானைக் கையில் வாங்கினாலும் முதலில் குலுக்கிப் பார்ப்பார். காதோரம் வைத்துக் கேட்பார். பிறகு இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருக்கும். முப்பத்து நான்கு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். வரவு, செலவு, தேய்மானம், வாராக்கடன் என்று எத்தனையோ தலைப்புகளில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு பொருத்தமான தலைப்பு வாய்த்ததில்லை. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூடிய ராத்திரியே வீட்டில் சண்டை. வீட்டுக்காரர் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தார். "இந்த இருபத்திரண்டையும் புதுசா வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லு." மின்விசிறி இரண்டு 3,600, மிக்ஸி 4,000, கிரைண்டர் 5,500, பித்தளைப் பாத்திரம் இரண்டு 6,000 என்று ஒவ்வொன்றாகக் கூட்டி 32,930-க்கு வந்தார். அதில் மொத்தச் செலவு 4,929-ஐக் கழித்தார். மிச்சம் 28,001. மொய் எழுதின மாதிரி கடைசியில் ஒரு ரூபாய் வேறு. அந்த ஒரு ரூபாயைப் பார்த்ததும் அவருக்குத் தன் கணக்கு சரி என்ற நம்பிக்கை இரட்டிப்பானது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு வயது மின்விசிறிக்கு 60 ரூபாயில் ஒரு கண்டென்சர் போட்டால் அது புது மின்விசிறி ஆகிவிடாது. அது இன்னும் இரண்டு, இரண்டரை வருடம் சுற்றும். நான் வாங்கியது அந்த இரண்டரை வருடத்தை மட்டும்தான். சிக்கனக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் பணத்தை ஊதிப் பெருக்குகிறார்கள். 60 ரூபாய் செலவு, 1,800 ரூபாய் மிச்சம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் என் நோட்டில் வேறொரு கட்டம் உண்டு. அதற்கு மாத வாடகை என்று பெயர். பழுதுக்கு ஆன செலவை, பழுது பார்த்தபின் அந்தச் சாமான் எத்தனை மாதம் உழைத்தது, அல்லது உழைக்கும் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். புதிதின் விலையையும் அதன் ஆயுள் மாதங்களால் வகுக்க வேண்டும். இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான் மாதா மாதம் கையில் நிற்கும் பணம். மின்விசிறிக்குப் பழுது வாடகை 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2 ரூபாய். புதிதுக்கு 1,800-ஐப் பத்து வருடத்துக்குப் பரப்பினால் 15 ரூபாய். மாதம் 13 மிச்சம். வருடத்துக்கு 156. இரண்டு மின்விசிறிக்கு 312.

இப்படி இருபத்திரண்டையும் போட்டால் வருடத்தில் நின்றது 3,687 ரூபாய். தேறாத எட்டின் 1,255-ஐக் கழித்தால் 2,432. மாதத்துக்கு இருநூறு ரூபாய் சொச்சம். 28,001 எங்கே, 2,432 எங்கே. வீட்டுக்காரர் அன்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் அதிகம் பேசவில்லை.

மின்விசிறி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மிச்சமும் நட்டமும் ஒரே சாமானுக்குள் இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியது அதுதான். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான் சோர்ந்திருக்கும். சாதாரண மின்விசிறியில் அது 2.5 மைக்ரோஃபாரட். பழையதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய கண்டென்சரில் மிச்ச மின்சாரம் நிற்கக்கூடும் என்பதால் அதன் இரண்டு ஒயர் முனைகளையும் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது. அவர் கூலி நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

சரி, 60 ரூபாயில் மின்விசிறி பறக்கிறது. ஆனால் அது எத்தனை வாட் தின்கிறது? பழைய மின்விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதிது முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டி நிற்கும். இதைக் கண்ணால் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், கரண்ட் மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டேன். நிமிடத்துக்கு நான்கு மினுக்கு. மணிக்கு 240. 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட், சுத்தமாக 75 வாட். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தோடு கீழே நிற்க, நான் மாடியில் சுவிட்சு பக்கத்தில் நின்று கத்த, பக்கத்து வீட்டம்மா என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இனி அறைவாரியாகக் கணக்கு. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500-ஐத் தாண்டினால் நடுப்படியில் கிடைக்கிற சலுகையும் போய்விடும். மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழிவதால், 5 ரூபாய் என்பது அடக்கமான கணக்குத்தான்.

படுக்கையறை: தினம் 15 மணி நேரம். 45 வாட் வித்தியாசம். வருடத்துக்கு 246 யூனிட், 1,232 ரூபாய்.
சாமான் அறை: தினம் 1 மணி நேரம். அதே 45 வாட். வருடத்துக்கு 16 யூனிட், 82 ரூபாய்.

புதிய மின்விசிறி 3,000 ரூபாய். படுக்கையறையில் மாட்டினால் 29 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். சாமான் அறையில் மாட்டினால் 36 வருடம் ஆகும். எனக்கு இப்போது 63 வயது. 99 வயதில் லாபம் பார்க்கலாம். அதனால் படுக்கையறைக்குப் புதிது வாங்கினோம். கண்டென்சர் மாற்றிய பழையதைக் கழற்றிச் சாமான் அறையில் தொங்கவிட்டோம். மணிக்கணக்கைக் கேட்காமல் "பழையதைப் பழுது பார்" என்றும் சொல்ல முடியாது, "பழையது கரண்ட் குடிக்கும், தூக்கி எறி" என்றும் சொல்ல முடியாது.

இதே கணக்கைப் போடாமல் நான் ஏமாந்தது டியூப்லைட்டில். கூடத்து 40 வாட் டியூப்பில் சோக் போய்விட்டது. பழைய காப்பர் சோக். 180 ரூபாய் கொடுத்து அதே மாதிரி வாங்கி மாட்டினேன். நன்றாக எரிந்தது. தேறியது என்றுதான் எழுதினேன். ஒரு வாரம் கழித்து மீட்டர் மினுக்கை எண்ணியபோது டியூப்பும் சோக்கும் சேர்ந்து 52 வாட்டை ஒட்டி இழுப்பது தெரிந்தது. 20 வாட் எல்.இ.டி. பட்டை 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் வித்தியாசம் வருடத்துக்கு 70 யூனிட், 350 ரூபாய். அதாவது சோக்குக்குப் பதில் பட்டைக்கு 70 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இரண்டரை மாதத்துக்குள் திரும்பியிருக்கும். எரிகிற விளக்கைத் தேறாத பக்கத்துக்கு மாற்றி எழுதிய ஒரே வரி இதுதான். பிறகு பட்டையே வாங்கி மாட்டினேன். ஆக ஒரு மின்விசிறி, ஒரு பட்டை என்று புதிதாக வாங்கிய இரண்டு சாமானும் வருடத்துக்கு 1,582 ரூபாய் மிச்சம் பிடிக்கின்றன. இருபத்திரண்டு பழுதும் சேர்ந்து, நட்டம் போக, 2,432. கை உழைத்த இடம் ஒன்று, பணம் நின்ற இடம் இன்னொன்று.

அடுத்தது தண்ணீர்.

குழாய் சொட்டினால் யாருக்கும் மனசு கேட்காது. எனக்கும்தான். விநாடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி. நாளைக்கு 86,400 சொட்டு, 4.32 லிட்டர். வருடத்துக்கு 1,577 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. எங்கள் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்ப அரை மணி நேரம் எடுக்கிறது. அரை யூனிட், இரண்டரை ரூபாய். அந்தக் கணக்கில் சொட்டுகிற குழாய் வருடத்துக்குக் கொண்டுபோவது 4 ரூபாய்! வாஷர் விலையே 8 ரூபாய். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த அளவுக்கு அது பணத்தைக் கெடுக்கவில்லை.

சத்தமே போடாமல் போனது வேறு இடத்தில். கழிவறை ஃபிளஷ் தொட்டி. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ராத்திரி மிச்சமான காபி டிக்காஷனையோ மஞ்சள் தண்ணீரையோ தொட்டிக்குள் ஊற்றிவிட்டு இருபது நிமிடம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தது. தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்து, நீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பழைய கோடு வரை மக்கால் ஊற்றினேன். இரண்டு லிட்டர் பிடித்தது. அப்படியானால் நாளைக்கு 96 லிட்டர். வருடத்துக்கு 35,040. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஏறக்குறைய மூன்று லாரி.

வாஷர் 40, பிளம்பர் கூலி 200. ஆக 240. மோட்டார் தண்ணீர் விலையில் பார்த்தால் அந்த மூன்று லாரித் தண்ணீரின் மதிப்பு 88 ரூபாய்தான். ரூபாய்க் கணக்கு மட்டும் பார்க்கிறவர் வாஷரை மாற்றவே மாட்டார். ஆனால் ஆழ்துளைக் கிணறு கையை விரிக்கும் கோடையில் நாங்கள் ஒரு லாரிக்குக் கொடுப்பது 1,800 ரூபாய். அப்போது அதே தண்ணீர் லிட்டருக்கு 15 காசு. இரண்டு மாதம் ஒழுகினால் 5,760 லிட்டர், 864 ரூபாய். இதையே குடிக்கிற கேன் தண்ணீரோடு ஒப்பிட்டால் 20 லிட்டர் 35 ரூபாய், லிட்டர் 1 ரூபாய் 75 காசு. மோட்டார் தண்ணீர் லிட்டர் கால் காசு. அதைப் போல் அறுபது மடங்கு லாரித் தண்ணீர், எழுநூறு மடங்கு கேன் தண்ணீர். ஒரே வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு மூன்று விலை. எந்த விலையைப் போட்டுக் கணக்கு எழுதுவது என்பதை மாதம்தான் முடிவு செய்கிறது. நான் ஏப்ரல், மே விலையைப் போட்டேன்.

சமையலறைக்கு வந்தால் குக்கர். கேஸ்கட் 110, சேஃப்டி வால்வு 30. கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி போக ஆரம்பித்ததும் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் இறுகும் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த வைத்தியம். இறுகுகிறது, உண்மைதான். இரண்டு, மூன்று வாரம் விசில் வருகிறது. அதற்குப் பிறகு பழையபடி. அந்த வைத்தியத்தால் 110 ரூபாய் மிச்சமாகாது, மூன்று வாரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். சேஃப்டி வால்வில் மட்டும் எந்தச் சிக்கனமும் கூடாது. ஓட்டையை ஆணியால் அடைத்தேன், எம்சீல் வைத்தேன் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆவி மிஞ்சினால் உருகி வழிவிடுவதற்காக வைத்த சாமான் அது. அதை அடைப்பதும் ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றுவதும் ஒன்றே.

மிக்ஸி கதை சிரிப்பு. ஒருநாள் தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது. உயிரே இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்கார அண்ணன் அதைக் கவிழ்த்தார், அடியில் இருந்த சிவப்புப் பித்தானை விரலால் அமுக்கினார், நிமிர்த்தி ஓடவிட்டார். "ஓவர்லோடு ஆயிருச்சுக்கா. கட்டிச் சட்னியா?" காசு வாங்கவில்லை. எத்தனையோ வருடமாக அந்தப் பித்தான் அங்கேயே இருந்திருக்கிறது. வந்ததே வந்தோம் என்று அவரிடமே கப்ளரும் கார்பன் பிரஷும் மாற்றிக்கொண்டேன். 40, 60, கூலி 100. கப்ளர் தேய்ந்து பல் போவதை மட்டமான சாமான் என்று திட்டுவேன் முன்பெல்லாம். ஜார் இறுகிக்கொண்டால் மோட்டார் எரிவதற்கு முன்னால் அந்த நாற்பது ரூபாய்ச் சாமான் உடைந்து தலையைக் கொடுக்கிறது. அதற்காகவே அதை மென்மையாகச் செய்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்தால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம். பிளேடோடு சேர்த்து மாற்ற 180 ஆனது. புது ஜார் 700.

பஸ் என்றேனே, அதற்கும் நோட்டில் ஒரு கட்டம் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் பழுது சாமான் தூக்குகிற வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. வீட்டுக்காரர் போனால் டிக்கெட், நான் போனால் பூஜ்யம். இருபது ரூபாய் ஜிப் ரன்னர் போட முப்பது ரூபாய் பஸ் செலவானால் அந்தப் பழுதில் என்ன இருக்கிறது? ரன்னர் மாற்றியது மூன்று பைக்கு. பேரனின் ஸ்கூல் பை, ஊருக்குப் போகும் பை, அவருடைய மாத்திரைப் பை. மொத்தம் 70. ஜிப்பின் பல்லெல்லாம் நன்றாக இருக்கும், ரன்னரின் வாய் அகன்றிருக்கும், அவ்வளவுதான் கோளாறு. அதற்காக 900 ரூபாய்ப் பையை எறிகிறோம். மாத வாடகையில் பார்த்தால் செருப்புக்கு அடுத்து அதிக மிச்சம் இந்த மூன்று பைகளில்தான். வருடத்துக்கு 830.

செருப்பில் மிச்சம் 960. அறுந்த வார், விட்டுப்போன ஒட்டு, தேய்ந்த அடி என்று மூன்று ஜோடிக்கு 120 ரூபாய். குடை இரண்டு, 120. பெரிய குடைக்கு மட்டும் 70. பத்து மாதம் வந்தால் மாதம் 7 ரூபாய். புதிது 380, இரண்டு வருடம் வந்தால் மாதம் 16 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே கொடுத்துவிட வேண்டும். மழை இறங்கியபின் குடைக்காரரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் அவருக்கும் பொறுமை இருக்காது, தையலுக்கும் பொறுமை இருக்காது.

இலவம் பஞ்சு மெத்தை இந்த வருடத்தின் பெரிய செலவு. பத்து கிலோ மெத்தை, நடுவில் குழி விழுந்து இருபுறமும் மேடாகிவிட்டது. பிரித்து, வெயிலில் போட்டு, அடித்துப் பார்த்ததில் மூன்று கிலோ தூசியாகவும் பொடியாகவும் போனது. ஏழு கிலோ தேறியது. மூன்று கிலோ போடி பக்கத்துப் பஞ்சு புதிதாகச் சேர்த்தோம், கிலோ 220. மெத்தைத் துணி நான்கு மீட்டர் 440. கூலி 350. ஆக 1,450. இலவம் பஞ்சு இழை உள்ளே குழலாக, வெளியே மெழுகுப் பூச்சோடு இருக்கும். ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சாது. வழுக்கும், நூலாக முறுக்க வராது. அந்த வழுக்கல்தான் மெத்தைக்கு நல்லது. அமுங்கிய இழையை அடித்தால் மறுபடி பிரிந்து எழும். முழுக்கப் புதிதாகத் தைத்தால் 2,990 ஆகும், ஒன்பது வருடம் வரும், மாதம் 28. பழுது பார்த்தது ஆறு வருடம் வந்தால் மாதம் 20. ஆனால் தூக்கிக்கொண்டுபோன லோடு ஆட்டோ 240-ஐயும் சேர்த்தால் 23 ரூபாய் 50 காசு. மிச்சம் மாதத்துக்கு நாலு ரூபாய் சொச்சம். ஆட்டோதான் பாதியைத் தின்றது. பஞ்சு அடிக்கிறவர் தெருவுக்கே வந்த காலத்தில் இந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

சுங்குடிச் சேலை ஒன்று மடிப்பில் இற்றுப்போய்விட்டது. ஐந்தரை மீட்டரில் மடிப்பும் முந்தியும் போக நான்கு மீட்டர் நன்றாக இருந்தது. தலையணை உறை ஒன்றுக்கு ஒன்றரை மீட்டர் நீளம் வேண்டும், அகலத்தில் இரண்டு விழும். ஆக நான்கு உறை, போக மிச்சத் துண்டு மேஜை துடைக்க. தையல்கூலி உறைக்கு 25. பழந்துணி என்பதால் பதினான்கு மாதம்தான் போட்டிருக்கிறேன். மாதம் 7 ரூபாய். கடையில் நான்கு உறை 480. மூன்று வருடம் வரும், மாதம் 13. காசு வித்தியாசம் அற்பம். ஆனால் பத்து வருடம் துவைத்த பருத்தியில் கன்னம் வைத்துப் படுத்தவர்களுக்குத் தெரியும், அந்த மென்மையைக் கடையில் வாங்க முடியாது. எட்டு முழ வேட்டி கிழிந்தால் இட்லித் துணிதான். ஓரம் போக இருபத்து நான்கு துணி கிடைத்தது. அதில் எட்டை மகள் எடுத்துக்கொண்டாள்.

இனி அத்தையின் பாத்திரங்கள். என் மாமியார் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலை ஒன்று, அடுக்கு ஒன்று. ஈயம் பூச ஆளுக்கு 350, ஆக 700. ஆட்டோ 100. நவச்சாரப் புகையோடு, பஞ்சை வைத்து ஒரே இழுப்பில் உள்பக்கம் கண்ணாடி ஆவதைப் பார்க்கவே அந்த 700 கொடுக்கலாம். பூசுவது வெள்ளீயம். காரீயம் வேறு, அது விஷம். பழகிய கையிடம்தான் கொடுக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீரோ எண்ணெயோ ஊற்றியபின்தான் தீ. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். மாத வாடகை 44 ரூபாய். முப்பது வரியில் தேறியவற்றிலேயே மிகவும் கூடுதல். புதுப் பாத்திரத்தின் வாடகையைவிட வருடத்துக்கு 233 நட்டம். இதைச் சிக்கனம் என்ற தலைப்பில் எழுத என் கை வரவில்லை. அத்தையிடம் கேட்டேன். "எடைக்குப் போட்டுடு, பேரீச்சம்பழம் குடுப்பான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிரியம்" என்று தனித் தலைப்பு போட்டு எழுதிவிட்டேன். நட்டத்தை மட்டும் மறைக்காமல் 2,432-இல் கழித்திருக்கிறேன்.

தேறாத எட்டில் பெரியது இஸ்திரிப் பெட்டி. முதலில் ஒயர், 280. ஐந்து மாதத்தில் எலிமெண்ட், 340. இன்னும் நாலு மாதத்தில் ஆள் காலி. 620 ரூபாயில் ஒன்பது மாதம். மாத வாடகை 69. புதிது 850. உத்தரவாதம் இரண்டு வருடம். உத்தரவாதம் முடிந்த மறுநாளே செத்தாலும் மாதம் 35-தான். இரண்டாம் முறை பழுதுக்கு எடுத்துப்போகும் முன் இந்த வகுத்தலைப் போட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளே போடவில்லை. முதல் 280-ஐக் கொடுத்துவிட்டோமே என்ற எரிச்சலில் அடுத்த 340-ஐயும் கொடுத்தேன். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. வீட்டு மின்சாதனம், கைபேசி போன்ற மின்னணுச் சாதனம், வாகனம், வேளாண் கருவி என்று நான்கு பிரிவு. உதிரி பாகம், உத்தரவாதம், பழுது பார்க்கும் விவரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்லதுதான். ஆனால் என் பெட்டியின் கைப்பிடியில் திருகாணிக்குப் பதில் ரிவிட் அடித்திருந்தார்கள். திறக்கவே மெனக்கெட வேண்டியிருந்தது என்றுதான் பழுது பார்த்தவர் அந்த 340-இல் கூலியே 150 போட்டார்.

எமர்ஜென்சி லைட்டுக்குப் புது பேட்டரி 350. நான்கு மாதத்தில் போய்விட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்த வகை ஈய பேட்டரியைச் சார்ஜ் இறங்கினபடியே வைத்திருந்தால் உள்ளே உப்புப் படிந்து செத்துவிடும். கரண்ட் போகாத மாதங்களில் அதை அலமாரியில் மறந்தது நான். எல்.இ.டி. பல்பு நான்கை ஆளுக்கு 15 கொடுத்துச் சரி செய்தேன். எரிந்துபோன ஒரு மணியைத் தாண்டி இணைத்துக் கொடுத்தார்கள். மூன்று பல்பு இரண்டு மாதத்துக்குள் அணைந்தது. மிச்ச மணிகளுக்கும் அதே வயது, அதே சூடு. பிளாஸ்டிக் வாளி ஓட்டையை மூன்று தடவை ஒட்டியது 45. தண்ணீரின் கனம் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. வாளி இப்போது கறிவேப்பிலைத் தொட்டி.

எரிவாயுவில் நான் மிச்சம் பிடித்தேனா என்பது இன்னும் முடிவாகாத வரி. பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்தி, ஊறவைத்துக் கழுவினேன். மஞ்சளாக எரிந்த தீ நீலமானது. பாத்திரத்தில் கரி நின்றது. 14.2 கிலோ சிலிண்டர் அதற்கு முன் 38 நாள் வந்தது, அதற்குப் பின் 41 நாள். நாளைக்கு 27 கிராம் வித்தியாசம். வருடத்துக்குப் பத்து கிலோ, கிலோ 60 என்றால் 600 ரூபாய். எழுதக் கை பரபரத்தது. ஆனால் அந்த 41 நாளில் ஒரு வாரம் மகள் வீட்டில் இருந்தோம். எழுதவில்லை. சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு இன்னும் நான்கு சிலிண்டர் பார்ப்பதாக இருக்கிறேன்.

கடைசியாகப் பால் கவர். தினம் இரண்டு அரை லிட்டர். வெட்டி, அலசி, கொடியில் காயப்போட்டு, காயலான் கடைக்குச் சேர்ப்பது எங்கள் வீட்டில் வெகுநாள் வழக்கம். நாற்பது கவரை நிறுத்தேன், 100 கிராம். வருடத்துக்கு 730 கவர், 1.825 கிலோ. கிலோ 12 ரூபாய். ஆக 22 ரூபாய். ஒரு கவருக்கு அரை நிமிடம் என்றால் வருடத்துக்கு ஆறு மணி நேரம். மணிக்கு மூன்று ரூபாய் அறுபது காசு கூலி. இந்தக் கணக்கைக் காட்டியதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது, 28,001-க்குப் பழி வாங்கிய திருப்தி.

ஆனால் நிறுத்தவில்லை. இதே ஊரில், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைத் தார்ச் சாலையில் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பிளாஸ்டிக்கைப் பொடியாக நறுக்கிச் சூடான ஜல்லிமேல் தூவினால் உருகி மேலே படலமாகப் படியும், அதன்மேல் தாரைக் கலப்பார்கள். ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். அப்படியானால் மீட்டருக்கு ஒரு கிலோ. எங்கள் வீட்டுப் பால் கவர் வருடத்துக்கு 1.8 மீட்டர் சாலை. எங்கள் வாசலிலிருந்து தெருக்குழாய் வரை 11 மீட்டர். ஆறு வருடப் பால்.

இந்த நோட்டும் வாங்கியது இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பேரன் முடித்துப் போடும் பள்ளி நோட்டுகளில் மிச்ச வெள்ளைத் தாள்களைக் கிழித்து, அடுக்கி, நடுவில் தைத்து, மாதக் காலண்டர் தாளை அட்டையாக ஒட்டிவிடுவேன். இந்த முறை நான்கு நோட்டில் 74 தாள் தேறியது. தைக்க உட்கார்ந்தபோது கோணி ஊசியைக் காணோம். கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்தேன். 2025-26 முதல் பக்கத்தின் முதல் வரி: கோணி ஊசி, ஒன்று, 5 ரூபாய்.